அடுத்த மே மாதப் பயணத்தை இந்த ஆடியிலேயே தொடங்குவது: குமரி மாவட்டக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அடுத்த ஆண்டு மே மாதம் குடும்பத்தோடு வெளியூர் செல்ல நினைப்பவர்களை இந்த ஆண்டு ஆடி மாதமே திட்டத்தைத் தொடங்கச் சொல்கிறேன். பத்து மாதம் எதற்கு என்று கேட்பவர்கள், திட்டமிடுவதென்றால் டிக்கெட் எடுப்பது என்று எண்ணுகிறார்கள். ரயில் முன்பதிவு இப்போது பயண நாளுக்கு 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. 2024 நவம்பர் 1 வரை அது 120 நாட்களாக இருந்தது. அந்த மாற்றத்துக்குப் பின் எங்கள் தெருவில் பலர், இனி முன்கூட்டித் திட்டமிட்டுப் பயனில்லை என்று விட்டுவிட்டார்கள். உண்மையில் காலம் குறுகியதால்தான் டிக்கெட் திறக்கும் காலைக்குள் மற்ற அனைத்தும் முடிவாகியிருக்க வேண்டிய தேவை கூடியிருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. 2010-இல் வெளியான ஓர் ஆய்வு நெதர்லாந்தைச் சேர்ந்த 1,530 பேரைக் கவனித்தது. விடுமுறைக்குச் செல்லவிருப்பவர்கள் புறப்படும் முன்னரே மற்றவர்களைவிட மகிழ்ச்சியாக இருப்பதையும், திரும்பிய பின் பெரும்பாலோரிடம் அந்த வேறுபாடு மறைந்துவிடுவதையும் அது கண்டது. பயணம் பத்து நாளில் முடிந்துவிடும். எதிர்பார்ப்பைப் பத்து மாதத்துக்கு நீட்டிக்க முடியும் என்றால், அதைக் கடைசி இரண்டு வாரப் பரபரப்பாகச் சுருக்குவது பெரிய இழப்பு என்றே நான் கருதுகிறேன்.

கீழே உள்ள படிகளுக்கு ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம்: நாகர்கோவிலில் வாழும் கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், கணவரின் பெற்றோர் என ஆறு பேர், மே 10 அன்று புறப்பட்டு டெல்லி, ஆக்ரா, சிம்லா பார்த்துத் திரும்புகிறார்கள். ஊர் எதுவானாலும் படிகளின் வரிசை மாறாது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

மாதம் ஒரு தாளாக உள்ள பெரிய சுவர் நாட்காட்டி, 80 பக்க நோட்டுப் புத்தகம், இந்திய வரைபடம், குடும்பத்தினர் அனைவரின் அடையாள அட்டை நகல்கள் ஆகியவை போதும். கைபேசியில் குறித்துக்கொள்வதை நான் தடுக்கவில்லை. ஆனால் கைபேசிக் குறிப்பை அதை எழுதியவர் மட்டுமே பார்ப்பார். சாப்பாட்டு மேசைக்கு மேல் தொங்கும் நாட்காட்டியைத் தாத்தாவும் பேத்தியும் ஒருசேரப் பார்ப்பார்கள், பார்க்கும்போதெல்லாம் அந்தப் பயணத்தைப் பற்றி ஒரு சொல்லாவது பேசுவார்கள்.

நோட்டுப் புத்தகத்துக்குப் பொறுப்பாளர் ஒருவர் வேண்டும். முடிவெடுப்பதை எல்லோரும் சேர்ந்து செய்யலாம், எழுதி வைப்பதை ஒருவர்தான் செய்ய வேண்டும். இருவர் எழுதினால் இருவேறு தேதிகள் உருவாகும்.

2. முதலில் நாள், பிறகே ஊர்

புதியவர்கள் தடுமாறும் முதல் இடம் இது. ‘காஷ்மீர் போகலாம்’ என்று ஊரில் தொடங்கி, அதன் விலை விசாரித்து, பிள்ளைகளிடம் சொல்லி ஆசையும் மூட்டிய பின்னரே, அந்த வாரத்தில் வீட்டில் யாருக்கு என்ன வேலை என்று பார்க்கிறார்கள். நாள் ஒத்துவராதபோது ஊரும் கைவிடப்படுகிறது, அதோடு திட்டமும் நின்றுவிடுகிறது. நாட்களை உறுதி செய்துவிட்டால், அந்த நாட்களுக்குப் பொருந்தும் ஊர் எப்போதும் கிடைக்கும்.

நம் மாவட்டத்தின் நாட்காட்டி மற்ற மாவட்டங்களைப் போன்றதல்ல. மண்டைக்காடு பகவதி அம்மன் மாசிக் கொடை, மகா சிவராத்திரியின் சிவாலய ஓட்டம், அய்யா வைகுண்டர் அவதார தினம், ஓணம், மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த நவம்பர் 1, கோட்டாறு சவேரியார் பெருநாள், சுசீந்திரம் மார்கழித் தேரோட்டம் ஆகியவற்றுக்கு உள்ளூர் விடுமுறை அறிவிக்கப்படுவதும், அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமை வேலை நாளாவதும் நமக்குப் பழக்கமானவை. ஈடு செய்யும் அந்தச் சனிக்கிழமையை மறந்து பயணத்தை வைத்துவிட்டுக் கடைசியில் விடுப்புக்கு அலைந்த ஆசிரியர் குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

நாட்காட்டியில் முதலில் போக முடியாத நாட்களை எல்லாம் சிவப்பு மையால் அடைத்துவிடுங்கள். தேர்வுகள், குடும்பக் கோயில் கொடை, ஊர்ப் பங்கின் திருவிழா, ஈஸ்டர், ரம்ஜான், ஏற்கெனவே நிச்சயமான திருமணங்கள் ஆகியவை முதலில் வர வேண்டும். வீட்டில் பிளஸ் டூ முடிக்கும் பிள்ளை இருந்தால் மே மாதத்தையே மறந்துவிடுங்கள். நீட் தேர்வு வழக்கமாக மே முதல் ஞாயிற்றுக்கிழமை வருகிறது, அதைத் தொடர்ந்து முடிவுகளும் கல்லூரி விண்ணப்பங்களும் வந்துவிடும். அந்த நேரத்தில் மலையேறிச் சென்றாலும் மனம் கைபேசியிலேயே இருக்கும்.

தொழிலுக்கேற்ற தடைகள் தனி. விசைப்படகு மீன்பிடித் தடைக்காலம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மேற்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. சின்னமுட்டம் கிழக்குக் கணக்கிலும், குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் மேற்குக் கணக்கிலும் வருகின்றன. ஆகவே சின்னமுட்டத்துக் குடும்பத்துக்கு மே மாதம் கை ஓய்வாக இருக்கும். குளச்சல் குடும்பத்துக்கு ஓய்வு கிடைக்கும்போது பள்ளி திறந்திருக்கும். இருவருக்குமே அது வருமானம் குறையும் காலம் என்பதால், பணத்தை முந்தைய மாதங்களிலேயே ஒதுக்கியிருக்க வேண்டும். குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் வைத்திருப்பவர்களுக்கு இலையுதிர்வை ஒட்டிப் பால்வெட்டு நிற்கும் வாரங்கள் வசதியானவை, ஆனால் அவை தேர்வுக் காலத்தில் விழும். மே மாதம் போகிறவர்கள் பால் வெட்டுபவரிடம் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும்.

டிசம்பர் அரையாண்டு விடுமுறையை நான் பரிந்துரைப்பதில்லை. கிறிஸ்துமஸுக்கு வளைகுடாவிலிருந்து உறவினர்கள் வரும் நேரத்தில் வீட்டைப் பூட்டிச் செல்வது நம் ஊரில் எளிதல்ல. சபரிமலை சீசனில் நம் வழித்தட ரயில்கள் நிரம்பி ஓடும். வட இந்தியாவில் மூடுபனியால் ரயில்கள் பல மணி நேரம் தாமதமாகும்.

சிவப்பு அடைத்த பின் மிஞ்சும் வெள்ளைக் கட்டங்களில் தொடர்ச்சியான 12 நாட்களைத் தேடுங்கள். எங்கள் அனுபவத்தில் அது பெரும்பாலும் மே 8-க்கும் 25-க்கும் இடையில் விழுகிறது. மே 25-க்குள் திரும்பிவிடுவது நல்லது. ஜூன் தொடக்கத்தில் தென்மேற்குப் பருவமழை வந்துவிடும், பள்ளி திறப்பதற்கு முன் சீருடை, புத்தகம் வாங்கும் வேலைகளும் காத்திருக்கும்.

நாள் முடிவானதும் உறவினர்களிடம் சொல்லிவிடுங்கள். அழைப்பிதழ் அச்சாகும் முன் சொன்னால் நாளைச் சற்று மாற்றி வைக்கவும் செய்வார்கள், அச்சான பின் சொன்னால் மனத்தாங்கல்தான் மிஞ்சும்.

3. யார் வருகிறார்கள் என்பதைத் தனித்தனியாகக் கேட்பது

கூட்டத்தில் கேட்டால் எல்லோரும் ‘வருகிறேன்’ என்பார்கள். தனியாகக் கேட்டால்தான் அம்மாவின் முழங்கால் வலி, மாமாவின் கடன், அண்ணிக்கு விடுப்பு கிடைக்காதது ஆகியவை தெரியவரும். ஆகவே ஒவ்வொருவரையும் தனியே கேட்டு, அவருடைய பெயருக்கு எதிரே மூன்று குறிப்புகளை எழுதுங்கள்: எவ்வளவு தூரம் நடக்க முடியும், எந்த மருந்துகளை எப்போது உட்கொள்கிறார், எதைப் பார்க்க ஆசைப்படுகிறார்.

கூட்டத்தில் மெதுவாக நடப்பவரின் வேகமே பயணத்தின் வேகம். அதை முன்பே ஏற்றுக்கொண்டால் பின்னர் யார் மீதும் எரிச்சல் வராது. எங்கள் முதல் நீண்ட பயணத்தில் என் தந்தையார் ஒவ்வொரு கோட்டை வாசலிலும் ‘நான் இங்கேயே இருக்கிறேன், நீங்கள் போய் வாருங்கள்’ என்று அமர்ந்துவிட்டார். அவருடைய நடையை அறியாமல் நாளுக்கு நான்கு இடம் வைத்தது என் பிழை.

‘பார்க்கலாம்’ என்று சொல்பவர்களுக்கு ஒரு கடைசி நாள் கொடுங்கள். கார்த்திகை மாத முடிவு அதற்குச் சரியாக இருக்கும். அதற்குப் பின் எண்ணிக்கை மாறினால் அறைகளின் எண்ணிக்கை, வாகனத்தின் அளவு, ஒவ்வொருவரின் பங்கு என அனைத்தையும் மறுபடி கணக்கிட வேண்டிவரும்.

4. ஊரைத் தேர்ந்தெடுப்பது

இந்தப் பத்து மாதங்களில் மிக இனிமையான பகுதி இதுதான், ஆகையால் இதை அவசரப்படுத்த வேண்டாம். எங்கள் வீட்டில் ஆவணி, புரட்டாசி ஞாயிற்றுக்கிழமை மாலைகளை இதற்காக ஒதுக்குகிறோம். மூன்று ஊர்களைப் போட்டியில் வைக்கிறோம். ஒவ்வொரு ஊருக்கும் ஒருவர் வழக்கறிஞராக நிற்க வேண்டும். கடந்த முறை எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் சிம்லாவுக்காக வாதிட்டாள். கால்கா-சிம்லா மலை ரயில் 96 கிலோமீட்டர் ஓடுவதையும், நூற்றுக்கும் மேற்பட்ட சுரங்கங்களைக் கடப்பதையும், 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததையும் நூலகத்திலிருந்து எழுதி வந்து வாசித்தாள். அன்றே அவள் பாதி வழி போய்விட்டாள் என்று எனக்குத் தோன்றியது. பிள்ளைகளுக்கு வேலை கொடுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்: தானே தேடிக் கண்டுபிடித்த இடத்தை எந்தப் பிள்ளையும் சலிப்போடு பார்ப்பதில்லை.

வாதங்கள் முடிந்தபின், ஒவ்வோர் ஊரையும் மூன்று கேள்விகளால் வடிகட்ட வேண்டும்.

முதற்கேள்வி, பருவம். நமக்கு ஏற்ற மாதம் அந்த ஊருக்கும் ஏற்றதா என்று பார்க்க வேண்டும். ராஜஸ்தானுக்கு அக்டோபர் முதல் மார்ச் வரை நல்லது, மே மாதம் தாங்காது. மேகாலயாவில் ஜூன் முதல் செப்டம்பர் வரை கடும் மழை. உத்தரகண்டின் மலர்ப் பள்ளத்தாக்கு ஜூன் மாதம்தான் திறக்கிறது. அருகில் உள்ள இரவிகுளம் தேசியப் பூங்கா கூட வரையாடுகள் குட்டி ஈனும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மூடப்படும்.

இரண்டாவது, அனுமதி. அருணாசலப் பிரதேசம், நாகாலாந்து, மிசோரம், மணிப்பூர் ஆகிய மாநிலங்களுக்கு உள்கோட்டு அனுமதி (இன்னர் லைன் பெர்மிட்) தேவை. லட்சத்தீவுக்கும் நுழைவு அனுமதி வேண்டும். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் உயர்நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் வாகனங்களுக்கு இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது. அடுத்த மாவட்டத்துக்குப் போவதுபோல் எண்ணிக் காரை எடுத்துக்கொண்டு போய், சோதனைச் சாவடியில் வெயிலில் நின்று விண்ணப்பித்தவர்கள் நம் ஊரில் உண்டு.

மூன்றாவது, வாராந்திர விடுமுறை. தாஜ் மஹால் வெள்ளிக்கிழமை மூடப்படும், டெல்லி செங்கோட்டை திங்கட்கிழமை மூடப்படும். டெல்லியின் நிஜாமுதீன் நிலையத்திலிருந்து ஆக்ரா செல்லும் கதிமான் எக்ஸ்பிரஸ் வெள்ளிக்கிழமை ஓடுவதில்லை, காரணம் அந்தத் தாஜ் விடுமுறைதான். இதை நோட்டில் சிவப்பு மையால் எழுதி வையுங்கள். ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் பயணம் செய்து பூட்டிய வாசலைப் பார்த்துத் திரும்புவதைப் போன்ற ஏமாற்றம் வேறில்லை.

5. பணத்தை மாதங்களாகப் பிரிப்பது

முன்கூட்டித் தொடங்குவதால் கிடைக்கும் உறுதியான நன்மை, செலவு மாதச் சம்பளத்தின் மேல் ஒரே நேரத்தில் விழாமல் இருப்பது. சீட்டுப் பிடிப்பவர்கள், அது முதிரும் மாதம் டிக்கெட் எடுக்கும் மாதத்துக்கு முன்னதாக இருக்குமாறு பார்த்துச் சேர வேண்டும். மே பயணத்துக்கு மார்ச் மாதமே பெரிய தொகை தேவைப்படும் என்பதைப் பலர் மறக்கிறார்கள். வங்கித் தொடர் வைப்பிலும் இதே கணக்குதான்.

நான்கு தலைப்புகளில் எழுதுங்கள்: போக்குவரத்து, தங்குமிடம், உணவு, உள்ளூர் வண்டியும் நுழைவுக் கட்டணமும். கூட்டுத்தொகையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வைக்கிறேன். இதுவரை ஒரு முறைகூட அது தொடப்படாமல் திரும்பியதில்லை.

மத்திய அரசு ஊழியர்கள் விடுப்புப் பயணச் சலுகையைப் பயன்படுத்துவதாக இருந்தால், டிக்கெட் எடுக்கும் முன் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். விமான டிக்கெட்டை அனுமதிக்கப்பட்ட மூன்று முகவர்களிடம் மட்டுமே எடுக்கலாம். வேறிடத்தில் மலிவாக எடுத்துவிட்டுப் பின்னர் தொகை கேட்டால் கிடைக்காது.

6. வழித்தடத்தைக் காகிதத்தில் ஓட்டிப் பார்ப்பது

நோட்டில் ஒரு நாளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, காலை, மதியம், மாலை என்று மூன்றாகப் பிரியுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு பகுதியாவது வெற்றாக இருக்க வேண்டும். வெற்றிடம் வீணாகாது. தாமதமாக வந்த ரயிலும், துணி துவைக்கும் வேலையும், சிறுவனின் காய்ச்சலும் அந்த இடத்தில்தான் உட்காரும்.

கன்னியாகுமரியிலிருந்து நாகர்கோவில் வழியாக நிஜாமுதீனுக்கு ஓடும் திருக்குறள் எக்ஸ்பிரஸ் வாரத்தில் எல்லா நாளும் கிடையாது. ஆகவே படி 2-இல் குறித்த நாள் ஓரிரு நாள் முன்பின் நகரலாம், அதற்காகவே 12 நாள் இடைவெளி தேடச் சொன்னேன். இரண்டு இரவுகள் ரயிலில் கழித்து இறங்கும் நாளில் எதையும் பார்க்கத் திட்டமிட வேண்டாம். பெரியவர்களுக்கு அந்தத் தூரம் கடினமென்றால், திருவனந்தபுரத்திலிருந்து விமானத்தில் ஒரு வழியும் ரயிலில் மறுவழியும் வைத்துக்கொள்ளலாம். போகும்போது விமானம், வரும்போது ரயில் என்பது என் விருப்பம்: புத்துணர்ச்சியோடு ஊரைப் பார்க்கலாம், திரும்பும் வழியில் அசதியைப் படுக்கையில் தீர்த்துக்கொள்ளலாம். நாகர்கோவிலிலிருந்து விமான நிலையத்துக்குத் தூரம் குறைவுதான், என்றாலும் மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை நெரிசலுக்கு மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள்.

மே மாத டெல்லியும் ஆக்ராவும் 40 டிகிரியைத் தாண்டும். தாஜ் மஹால் சூரிய உதயத்தை ஒட்டித் திறப்பதால், முந்தைய மாலையே ஆக்ரா சென்று தங்கி அதிகாலையில் பார்ப்பது பெரியவர்களுக்கு நல்லது. அதே நாளில் டெல்லியிலிருந்து போய் வரும் திட்டம் காகிதத்தில் செலவு குறைவாகத் தெரியும், உச்சி வெயிலில் வெண்பளிங்குத் தளத்தின் மேல் நிற்கும்போதுதான் அதன் விலை தெரியும்.

நள்ளிரவு ரயில்களின் தேதியில் கவனம் தேவை. இரவு 12.20-க்குப் புறப்படும் வண்டி மறுநாள் தேதிக்கு உரியது. 14-ஆம் தேதி இரவு என்று பேச்சில் சொல்வது டிக்கெட்டில் 15. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இந்த ஒரு பிழையால், 24 மணி நேரத்துக்கு முன்பே புறப்பட்டுவிட்ட வண்டிக்காக நடைமேடையில் காத்திருந்தது.

7. பெயரைச் சரிபார்ப்பது

தமிழர்களுக்கே உரிய சிக்கல் இது. நமக்குத் தலைப்பெழுத்து உண்டு, குடும்பப் பெயர் இல்லை. ஆதாரில் தலைப்பெழுத்து பின்னால் இருக்கும், வாக்காளர் அட்டையில் அது இருக்காது, கடவுச்சீட்டில் தந்தையின் பெயர் விரிந்திருக்கும். விமான டிக்கெட்டில் முதற்பெயர், கடைசிப்பெயர் என்று இரண்டு கட்டங்கள் கேட்கும்போது ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக நிரப்புகிறார்கள்.

யார் எந்த அட்டையை எடுத்து வருவார் என்று முதலில் முடிவு செய்து, அந்த அட்டையில் உள்ள எழுத்துகளை அப்படியே நோட்டில் பார்த்தெழுதுங்கள். நினைவிலிருந்து எழுத வேண்டாம். அட்டையில் பிழை இருந்தால் திருத்துவதற்கு வாரங்கள் ஆகும். இதைக் கார்த்திகை, மார்கழியில் பார்த்துவிட்டால் பதற்றமில்லை. வெளிநாடு செல்பவர்கள் கடவுச்சீட்டு காலாவதியாக இன்னும் ஆறு மாதத்துக்கு மேல் இருப்பதை உறுதி செய்ய வேண்டும். பெரியவர்களின் கடவுச்சீட்டு 10 ஆண்டு செல்லும், சிறுவர்களுடையது 5 ஆண்டுதான். பெற்றோருடையதை மட்டும் பார்த்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் அதிகம்.

8. தங்குமிடத்தை டிக்கெட்டுக்கு முன்பே பிடித்து வைப்பது

கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய அறைகளை ஜனவரி, பிப்ரவரியிலேயே பதிவு செய்யுங்கள். மே மாத மலை ஊர்களில் பெரியவர்களுக்கு ஏற்ற அறைகள் முதலில் தீர்ந்துவிடும். ரத்து செய்யலாம் என்பதால் ரயில் கிடைக்காவிட்டாலும் இழப்பில்லை. ஆனால் ரத்து செய்வதற்கான கடைசி நாளை நாட்காட்டியில் எழுதாமல் விட்டால் இந்த வசதியால் பயனில்லை. ஒருமுறை நான் அதைத் தவறவிட்டு ஒரு நாள் வாடகையை இழந்தேன். நிபந்தனை தெளிவாகவே இருந்தது, நான்தான் குறித்து வைக்கவில்லை.

அறையைப் பதிவு செய்த மறுநாள் அந்த விடுதிக்குத் தொலைபேசியில் பேசுங்கள். சிம்லா ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில் மலைச்சரிவில் அமைந்த ஊர், மால் ரோட்டில் வாகனங்கள் செல்ல முடியாது. ஆகவே கேட்க வேண்டிய முதற்கேள்வி, கார் நிற்கும் இடத்திலிருந்து அறைக்கு எத்தனை படிகள் என்பது. படத்தில் அழகாகத் தெரியும் விடுதிக்கு 80 படி ஏற வேண்டியிருக்கலாம். கார்ட் ரோட்டிலிருந்து மால் ரோட்டுக்கு மின்தூக்கி உண்டு, அதற்கு அருகில் தங்குவது முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நலம். இரண்டாவது கேள்வி தண்ணீர். 2018 கோடையில் சிம்லாவில் கடும் தட்டுப்பாடு ஏற்பட்டது, மே மாதம் செல்பவர்கள் இதைக் கேட்பதில் தவறில்லை.

9. அறுபதாம் நாள் காலை

மே 10 பயணத்துக்கு மார்ச் 11 காலை 8 மணிக்கு முன்பதிவு திறக்கும். பயண நாளைச் சேர்க்காமல் 60 நாட்களை எண்ண வேண்டும். மே 20 அன்று திரும்பினால் அதற்கு மார்ச் 21. ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனித் திறப்பு நாள் உண்டு என்பதால், நிஜாமுதீன், கால்கா, சிம்லா, திரும்பும் வண்டி ஆகிய நான்கையும் மார்ச் மாத நாட்காட்டியில் பச்சை மையால் எழுதுங்கள்.

ஒரு நுட்பத்தையும் அறிந்திருக்க வேண்டும். 60 நாள் என்பது வண்டி அதன் தொடக்க நிலையத்திலிருந்து புறப்படும் தேதியை வைத்துக் கணக்கிடப்படுகிறது. கன்னியாகுமரிக்கு வரும் ஹிம்சாகர் எக்ஸ்பிரஸ் ஜம்மு பகுதியிலுள்ள கட்ராவிலிருந்து முதல் நாள் இரவு கிளம்பி மறுநாள்தான் டெல்லிக்கு வருகிறது. டெல்லியில் ஏறுபவர் தம் ஏறும் தேதியை வைத்து எண்ணினால், முன்பதிவு திறந்து முழுதாக ஒரு நாள் ஆகியிருக்கும். கோடைக்காலத்தில் அந்த ஒரு நாளில் படுக்கைகள் முடிந்துவிடும்.

முந்தைய வாரமே செய்ய வேண்டியவை சில உள்ளன. ஐஆர்சிடிசி கணக்கில் ஆதார் சரிபார்ப்பை முடித்துவிடுங்கள். முன்பதிவு திறந்த தொடக்க நேரத்தில் ஆதார் சரிபார்த்த கணக்குகளுக்கே இணையத்தில் டிக்கெட் கிடைக்கும். பயணிகளின் பெயர், வயது ஆகியவற்றைக் கணக்கின் பயணிகள் பட்டியலில் முன்பே சேர்த்து வைத்தால் அன்று காலை தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. பணம் செலுத்தும் வழியை ஒரு சிறிய டிக்கெட்டில் சோதித்துப் பாருங்கள். இணையம் பிடிக்காதவர்கள் நாகர்கோவில் சந்திப்பு முன்பதிவு மையத்தில் படிவத்தை நிரப்பிக்கொண்டு 8 மணிக்கு முன் வரிசையில் நிற்கலாம்.

ஒரு டிக்கெட்டில் ஆறு பேர் வரை எடுக்கலாம் என்பதால் குடும்பம் முழுவதையும் ஒன்றாகப் போடுவதுதான் எல்லோரும் செய்வது. பெரியவர்கள் இருந்தால் அது பிழையாக முடியலாம். 60 வயது நிறைந்த ஆண்களுக்கும் 45 வயது நிறைந்த பெண்களுக்கும் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு உண்டு. ஆனால் அவர்கள் தனியாகவோ, அந்தத் தகுதியுள்ள இருவராகவோ ஒரே டிக்கெட்டில் இருந்தால் மட்டுமே அது செல்லும். பேரப்பிள்ளைகளோடு சேர்த்துப் போட்டால் அந்த ஒதுக்கீடு கணக்கில் வராது. ஆகவே எங்கள் வீட்டில் தாத்தா, பாட்டிக்கு ஒரு டிக்கெட், மற்ற நால்வருக்கு ஒரு டிக்கெட் என்று இரண்டு பேர் இரண்டு கருவிகளில் ஒரே நேரத்தில் எடுக்கிறோம். பெட்டி மாறி வரக்கூடும் என்ற குறை இதில் உண்டு. ஆனாலும் மேல்படுக்கையை அண்ணாந்து பார்த்துத் தயங்கும் மூத்தவரைவிட, அடுத்த பெட்டியில் கீழ்ப்படுக்கையில் உறங்கும் மூத்தவரே எனக்கு நிம்மதி.

5 வயது முதல் 11 வயது வரையுள்ள பிள்ளைக்குப் படுக்கை வேண்டாமென்றால் அரைக் கட்டணம், படுக்கையோடு முழுக் கட்டணம். இரண்டு இரவுப் பயணத்தில் அரைக் கட்டணத்துக்கு ஆசைப்பட வேண்டாம், பிள்ளையும் உறங்காது, அதைத் தாங்கிப் படுப்பவரும் உறங்க மாட்டார்.

காத்திருப்புப் பட்டியலில் வந்தால், அன்றே மாற்று வண்டியைப் பாருங்கள். இணையத்தில் எடுத்த டிக்கெட் இறுதிப் பட்டியல் தயாரான பின்னும் முழுவதும் காத்திருப்பிலேயே இருந்தால் தானாக ரத்தாகிவிடும். அதை நம்பி ஆறு பேரை அழைத்துச் செல்ல முடியாது.

10. காத்திருக்கும் அறுபது நாட்கள்

டிக்கெட் கைக்கு வந்ததும் பலர் நோட்டை மூடிவிடுகிறார்கள். என் பார்வையில் இங்கேதான் அதை நன்றாகத் திறக்க வேண்டும். இனி முடிவெடுக்க ஏதுமில்லை, எதிர்பார்க்க மட்டுமே இருக்கிறது. மாலையில் சங்குத்துறைக் கடற்கரைக்கோ பத்மநாபபுரம் பக்கமோ குடும்பமாக நடக்கச் செல்லுங்கள். பெரியவர்களின் கால் பழகும், புதிய காலணியும் பழகும். புதிய காலணியைப் பயணத்தின் முதல் நாளில் அணிவது பொதுவான பிழை.

பிள்ளைகளுக்கு இந்தியில் பத்து வாக்கியம் கற்றுக்கொடுங்கள்: எவ்வளவு, எங்கே, காரம் குறைவாக, வெந்நீர் கிடைக்குமா என்பவை போதும். கம்பளி உடையை வாங்க வேண்டாம், தெருவில் யாரிடமாவது இருக்கும், கேட்டு வாங்குங்கள். கேட்கும் வீட்டில் அவர்கள் போன கதையும் கிடைக்கும். அந்தக் கதைகளில் நான் அறிந்தவை எந்த விளம்பரத்திலும் இல்லாதவை.

காணொளிகளை மட்டும் அளவோடு பாருங்கள். வழியும் கட்டணமும் அறிய ஒன்றிரண்டு போதும். தாஜ் மஹாலின் வாசல் வளைவைக் கடந்து அது முதன்முறை கண்ணில் படும் கணத்தைக் கைபேசியில் இருபது முறை பார்த்துத் தேய்த்துவிட்டால், நேரில் அந்தக் கணம் மிஞ்சாது. எங்கள் வீட்டில் சிம்லாவின் மலை ரயிலைப் பற்றிப் படிக்கலாம், படத்தைப் பார்க்கக் கூடாது என்று விதி வைத்தோம். பிள்ளைகள் கடைசி வரை அதைக் காத்தார்கள்.

11. கடைசி வாரம்

இதில் சொல்ல அதிகமில்லை, எல்லாம் முன்பே முடிந்திருக்கும். முந்திரிக்கொத்தும் ஏத்தங்காய் சிப்ஸும் செய்து வையுங்கள். முந்திரிக்கொத்து பல நாள் கெடாது, மே வெப்பத்தையும் தாங்கும். முதல் வேளைக்குப் புளிச்சோறு போதும், தேங்காய் சேர்ந்த எதையும் ரயிலுக்கு எடுக்க வேண்டாம். மருந்துகளைப் பயண நாட்களுக்கு மேல் ஐந்து நாள் கூடுதலாக எடுத்து, பாதியைக் கைப்பையிலும் பாதியைப் பெட்டியிலும் வையுங்கள், ஒன்று தொலைந்தாலும் மற்றது உதவும். வீட்டுச் சாவி, செடிகளுக்குத் தண்ணீர், கோழிகளுக்குத் தீனி ஆகியவற்றைப் பக்கத்து வீட்டில் எழுதிக் கொடுங்கள். டிக்கெட், அறை விவரங்களின் காகித நகல் இரண்டு பேரிடம் இருக்கட்டும்.

12. திரும்பிய மூன்று நாட்களுக்குள்

வந்துசேர வேண்டிய பணத்தை எல்லாம் சரிபாருங்கள்: ரத்தான டிக்கெட், விடுதி முன்பணம், அலுவலகத்தில் கோர வேண்டிய பயணத் தொகை. பில்களை நோட்டின் பின்னட்டையில் ஒட்டுங்கள்.

பிறகு ஒரு பக்கத்தில், எடுத்துச் சென்று பயன்படாதவை எவை, இல்லாமல் தவித்தவை எவை, விடுதியில் உண்மையில் எத்தனை படிகள் இருந்தன, எந்த நாளில் வெற்றிடம் போதவில்லை என்று எழுதுங்கள். பிள்ளைகளும் தங்கள் கையால் சில வரிகள் எழுதட்டும். ஜூன் முதல் வாரத்தில் மழையும் பள்ளியும் தொடங்கிவிட்டால் இதற்கு யாருக்கும் நேரம் இருக்காது. ஆகையால் பெட்டிகளைப் பரணில் ஏற்றும் முன் அந்தப் பக்கத்தை எழுதி முடித்து, நோட்டை அவற்றோடு சேர்த்துப் பரணில் வைக்காமல் நாட்காட்டிக்கு அருகிலேயே வையுங்கள். ஆடி பிறக்கும்போது முதலில் எடுக்க வேண்டியது அதுதான்.